நாக்கைக் காட்ட ஒருவர்

டோக்கன் நாற்பத்தாறு. சுவரில் ஒளிர்ந்த சிவப்பு எண் பத்தொன்பதிலேயே நின்றிருந்தது. புனிதவதி வாயை மூடியபடி, உள்ளுக்குள் நாக்கு நுனியை மேல்வரிசைப் பல்லின் பின்பக்கம் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். எரிந்தது. எரியும் என்று தெரிந்தேதான் தேய்த்தாள். இன்றைக்கு ஒருவேளை எரியாமல் இருந்துவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நப்பாசை; எரிந்துவிட்டால், நான் ஒன்றும் பிரமை பிடித்தவளில்லை என்று அதில் ஒரு அற்பத் திருப்தி. காலை எட்டே முக்காலுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியவில்லை. பல் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிகள் கூடம் முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. எதிர் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கன்னம் இருப்பது எவ்வளவு சௌகரியம். பார்த்தவுடன், பல்வலியா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடலாம். நாக்கை எங்கே பிடித்துக்கொள்வது? ஐம்பத்து மூன்று வயதில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் யார் வந்து என்னவென்று கேட்பார்கள்? திருச்சி ஜங்ஷன் விசாரணைக் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷமாக, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நாக்கு இது. சோழன் வந்துடுச்சா, பல்லவன் எத்தனாவது பிளாட்ஃபாரம், மன்னார்குடி வண்டி லேட்டா. ஒரு நாளைக்கு எண்ணூறு பேராவது அந்தக் கண்ணாடித் துளை வழியாக அவளோடு பேசுவார்கள். அவளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாதுதான், பின்னால் வரிசை நிற்கிறதே.

இன்றைக்குக் காலையில் அவளே துளைக்கு இந்தப் பக்கம் நின்றாள். பதிவுச் சீட்டு போடுகிற பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். பெயர், வயசு, ஊர் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. "கூட யாரும்மா வந்திருக்காங்க?" "யாரும் வரல." "யாராவது பேரு சொல்லுங்கம்மா. இந்தக் கட்டத்த ஃபில் பண்ணாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது." ஒரு கட்டம். விரல் அளவு வெள்ளைக் கட்டம். கம்ப்யூட்டருக்கே தாங்கவில்லை, ஒரு மனுஷி தனியாக வந்து நிற்பது. அண்ணன் இருக்கிறான், நடேசன், ஓசூரில். உடன்பிறந்தவன் என்று அவன் ஒருவன்தான். அவன் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓசூரில் இருப்பவன் எப்படி உடன் வந்தவன் ஆவான்? தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், நடுவில் யாராவது செத்தால் ஒன்று. பொய்யாகிவிடும் என்று யோசித்தாளே தவிர, அடுத்து அவள் வாயிலிருந்து வந்தது அதைவிடப் பெரிய பொய். "லூர்துசாமி" என்றாள். அந்தப் பெண் தட்டினாள். "என்ன உறவு?" "கூட வேலை பாக்கறவர்." பாக்கறவர் என்று ஏன் சொன்னாள்? செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது. அச்சடித்து வந்த சீட்டில் அவள் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருந்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபோது, இப்போது மட்டும் யாராவது லூர்துசாமி என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். அவர் பெயர் சும்மா வரவில்லை. நாக்கு என்றால் அவர்தான். இந்த மூன்று மாசமாக அவர் அவளோடுதானே இருக்கிறார்.

பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலி. எப்போதும் ஒரு பக்கக் கன்னத்தில் பாக்கு ஒதுங்கியிருக்கும். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். சூடு என்றார். மோர் குடித்தார். கற்றாழை தின்றார். அதே இடத்தில் அது ஐந்து மாசம் இருந்தது. பிறகு சென்னைக்குப் போனார், பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள். ஒரு மத்தியானம், தாடையை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, பயணிகள் நிற்கிற வரிசையில் நின்று அவள் கவுண்டருக்கே வந்தார். முன்பதிவுப் படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதிக் கண்ணாடிக்கு அடியில் நீட்டினார். புனிதா மேடம் நலமா. இவள் என்ன செய்தாள்? "நல்லா இருக்கேன் சார், நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கத்தினாள். கத்தத்தான் செய்தாள். அவருக்கு நாக்குத்தானே போனது, காது போகவில்லையே. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு துண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஏன் கத்தினேன், ஏன் அப்படிக் கத்தினேன் என்று மூன்று வருஷமாகப் பல் தேய்க்கும்போதெல்லாம் தோன்றும். இந்த மூன்று மாசமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: அவர் இடத்தில் நான் இருந்தால் எந்தக் கவுண்டருக்குப் போய், யாரிடம் எழுதி நீட்டுவேன்? நலமா என்று கேட்க எனக்கு யார் பெயர் தெரியும்?

ஒரு திங்கள்கிழமைதான் தெரிந்தது. தக்காளி ரசத்தை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தபோது சுரீர் என்றது. ரசத்தில் மிளகு கூடிவிட்டது என்று நினைத்தாள். இரண்டாவது வாயில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியில் நீட்டிப் பார்த்தால், வலது ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டு. வழவழவென்று, தோல் உரித்த மாதிரி. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வரம்பு, நெளிந்து நெளிந்து, ஐந்தாம் வகுப்பில் பென்சிலால் இலங்கையைப் பார்த்து வரைந்தது மாதிரி. முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. இதை யாரிடமாவது காட்ட வேண்டுமே என்றுதான் தோன்றியது. இங்கே பாரேன் என்று நாக்கை நீட்டவேண்டும், அவ்வளவுதான். அம்மா இருந்தால், ஆ காட்டு என்று தாடையைப் பிடித்துத் தூக்கியிருப்பாள். கீழ் வீட்டு மாமியிடம் காட்டலாமா? சந்திக்கும்போதெல்லாம் சிரிக்கிறவள்தான், ஆனால் சிரிக்கிறவர்களிடம் நாக்கை நீட்டிவிட முடியுமா? கையைக் காட்டலாம், காலைக் காட்டலாம், சேலையை விலக்கி முதுகைக்கூடக் காட்டலாம். நாக்கை மட்டும் யாரிடமும் காட்ட முடிவதில்லை. அதற்குக் குழந்தையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ரொம்ப நெருக்கமாக இருக்கவேண்டும். இரண்டும் இல்லாததால் செல்போனுக்குக் காட்டினாள். டார்ச்சைப் போட்டுப் படம் எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். நான்காம் நாள் இலங்கை இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆறாம் நாள் இடது பக்கம் இரண்டாக முளைத்திருந்தது. இது நகர்கிறது. உள்ளே ஏதோ ஒன்று ஊர்ந்து போகிறது. அன்றிலிருந்து எழுபத்தொரு படங்கள். மற்றவர்கள் செல்போனைத் தள்ளிக்கொண்டே போனால் பேரக்குழந்தை, கல்யாணம், கோயில் கோபுரம் என்று வரும். அவளுடையதைத் தள்ளினால் நாக்கு, நாக்கு, நாக்கு. மருந்துக்கடைக்காரர் கொடுத்த பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை. மணத்தக்காளிக் கீரை. தேங்காய் எண்ணெய்க் கொப்பளிப்பு. நாக்கு வழிப்பானால் வழித்து வழித்து இரத்தம் வந்தது. இணையத்தில் தேடினால் முதல் மூன்று வரிக்குள் அந்த வார்த்தை வந்துவிடும், உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். ரசம் போனது, ஊறுகாய் போனது, எலுமிச்சை, தக்காளி, அன்னாசி எல்லாம் போனது. கடைசியில் தயிர்சாதமும் இட்லியும், தொட்டுக்கொள்ளச் சர்க்கரையும். போன வாரம் கவுண்டரில் தஞ்சாவூர் என்று சொல்லும்போது நாக்கு பல்லில் உரசித் தஞ்சாவூர் குழறியது. எதிரே நின்ற ஆள், "என்னது?" என்றார். அந்த ஒற்றை என்னதுதான் அவளை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். லூர்துசாமியை யாரும் கூப்பிடவில்லை. சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, பக்கத்தில் குழாயிலிருந்து சதா ஒழுகும் தண்ணீர்ச் சத்தம். மதுமிதா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பயிற்சி மாணவி முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் காட்டி, "சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?" என்றாள். சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் ஒப்பித்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எண்ணூறு பேருக்குப் பதில் சொல்கிறவள் ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் பேச்சு வராமல் நாக்கை நீட்டினாள். அந்தப் பெண் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். போய்விட்டாள். அவ்வளவு மோசமா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? லூர்துசாமிக்கும் இப்படித்தான், முதலில் பார்த்தவர் பேசாமல் எழுந்து போனாராம். வேலை ஏழு வருஷம் மிச்சம் இருக்கிறது. பேசாத வேலை எதற்காவது மாற்றிக் கொடுப்பார்களா, பார்சல் ஆபீசில், ரெக்கார்டு ரூமில்? வீட்டைப் பூட்டிவிட்டு யாரிடம் சாவியைக் கொடுப்பது? ஆஸ்பத்திரியில் கையெழுத்து யார் போடுவது? அங்கேயும் ஒரு கட்டம் இருக்கும், அந்தக் கட்டத்தில் செத்தவர் பெயரை எழுத முடியாது. நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ள மறந்து, விளக்கைப் பார்த்தபடியே கிடந்தாள். நாக்கு காய்ந்துபோனது.

திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணோடு டாக்டர் பர்வீன் வந்தார், அந்தத் துறையின் பேராசிரியை. நரைத்த முடியை ரப்பர் பேண்டில் கட்டியிருந்தார். கையுறை போட்ட விரலால் நாக்கின் நுனியைப் பஞ்சோடு பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார், அடியில் தடவினார், கழுத்தில் அழுத்தினார். "எப்போலேர்ந்து இருக்கு?" புனிதவதி செல்போனை எடுத்து நீட்டினாள். அது ஒன்றுதான் அவளால் முடிந்த பதில். டாக்டர் படங்களைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். பத்து, இருபது, புனிதவதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசிப் படம் வரை பார்த்துவிட்டு, "இதை எடுத்தது ரொம்ப நல்லதாப் போச்சும்மா" என்றார். "எனக்கு டெஸ்டே தேவையில்ல. பாருங்க, இங்க இருந்தது, இங்க வந்துடுச்சு, இங்க போயிடுச்சு. கெட்ட வியாதி இப்படி இடம் மாறாது. ஒரே இடத்துல உக்காந்துக்கும்." புனிதவதி அவர் உதட்டையே பார்த்தாள். "இதுக்கு ஜியாகிரஃபிக் டங்னு பேரு. நாக்கு மேல பூ மாதிரி பொடிப்பொடியா ஒரு படலம் இருக்கும். சிலருக்கு அது ஒரு இடத்துல உதிரும், அப்புறம் அதுவே முளைச்சுடும், வேற இடத்துல உதிரும். மேப் மாதிரி தெரியும். அவ்வளவுதான். கேன்சர் இல்ல. கேன்சரா மாறவும் மாறாது. யாருக்கும் ஒட்டாது." "எதனால டாக்டர்?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "சரியா யாருக்கும் தெரியாது. மனசுல பாரம் இருந்தா சிலருக்கு அதிகமாகும். போகும், வரும். மருந்து வேண்டாம். எரியறப்போ காரம், புளிப்பு, ரொம்பச் சூடு தள்ளி வைங்க. எரியாதப்போ ரசம் சாப்பிடுங்க. சுருக்குனு இருக்கற பேஸ்ட்ட மாத்துங்க. முக்கியமா வழிக்காதீங்க, பாவம் அந்த நாக்கு." பிறகு விரலை உயர்த்தி, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரே இடத்துல புண்ணு, ரெண்டு மூணு வாரம் ஆறாம இருந்தா, இல்ல கெட்டியா ஏதாவது தட்டுப்பட்டா, உடனே வாங்க. இது அது இல்ல." கிளம்பப் போனவர் தயங்கி, "பசங்களுக்குக் காட்டலாமா? உங்களுக்குச் சிரமம் இல்லன்னா" என்றார். தலையாட்டினாள். ஒருவர் பின் ஒருவராக ஒன்பது மாணவர்கள் வந்தார்கள். ஒன்பது பேர் அவள் வாய்க்குள் குனிந்து பார்த்தார்கள். ஒரு பையன், "சூப்பரா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மூன்று மாசம் ஒருவரிடம்கூடக் காட்ட முடியாததை ஒன்பது பேர் ரசித்துவிட்டுப் போனார்கள். ஆறாவது ஆளோ ஏழாவது ஆளோ குனிந்தபோது அவள் கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு விளக்கைத் தணித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு மதுமிதா குறிப்பேட்டைத் திறந்தாள். "ஒரே ஒரு கேள்வி மேடம். வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? சில குடும்பத்துல வரும்." "தெரியலம்மா" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. அம்மாவுக்குக் கடைசி நாட்களில் அவள்தான் ஸ்பூனால் பால் ஊற்றினாள், நாக்கைப் பார்த்தாளா? அப்பாவின் நாக்கு எப்படி இருக்கும்? கூடப் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களின் நாக்கு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? "அண்ணன் தம்பி?" என்று அந்தப் பெண் கேட்டாள், எழுதுகிற அவசரத்தில். அண்ணன். அண்ணன் தயிர்சாதம் சாப்பிடுகிறவன். இந்த எண்ணம் எங்கிருந்து வந்து விழுந்தது என்று தெரியவில்லை, ஆனால் விழுந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்போட்டது. அம்மாவின் பதினாறாம் நாள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து இவள் ஒருத்தியாக நின்று சமைத்தாள், அம்மாவின் கைப்பக்குவத்தில் வத்தக்குழம்பு, மிளகு ரசம். நடேசன் இலையில் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாயசத்தையும் தயிர்சாதத்தையும் மட்டும் தின்றுவிட்டு எழுந்தான். ஏண்ணே என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வயிறு சரியில்ல" என்றான். இவள் ஒதுக்கப்பட்ட குழம்பு இலையில் ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓசூரில் பெரிய வீடு, நம்ம கைச் சமையல் இறங்கவில்லை என்று நினைத்தாள். அதற்கப்புறம் சாப்பிட வா என்று அவனை அழைக்கவில்லை. அவனும் வரவில்லை. ஆறு வருஷம். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே இல்லாததை எங்கே போய்த் தீர்ப்பது? அவன் கல்யாணத்திலேயே இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தானே. அதற்கு முன்னால் ஊறுகாய் இல்லாமல் சாப்பிடாதவன் எப்போது ஊறுகாயை விட்டான்? "மேடம்?" என்றாள் மதுமிதா. "கேட்டுச் சொல்றேன்" என்றாள் புனிதவதி.

வெளியே வெயில் ஏறியிருந்தது. கல்லூரி வாசல் பேருந்து நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்று மாசமாக எழுந்தவுடன் ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்க்க ஒன்று இருந்தது, சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார ஒரு பயம் இருந்தது. அதுவும் எழுந்து போய்விட்டது. நாளைக்கு வீட்டில் வெறும் வீடுதான் இருக்கும். கெட்ட சேதி என்றால் சொல்வதற்கு யாரையாவது தேடியிருப்பாள், அவர்களும் வந்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று யாரைக் கூப்பிட்டுச் சொல்வது? எனக்கு ஏதோ என்று நினைத்தவர்களே யாரும் இல்லையே. செல்போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது. அண்ணன் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"புனிதா? என்ன, யாரு போயிட்டா?"

"யாரும் போகலண்ணே."

"பின்ன? இந்த நேரத்துல கூப்பிடற. உங்க அண்ணி மக வீட்டுக்குப் போயிருக்கா. நான் மட்டும்தான் இருக்கேன். சொல்லு."

எப்படிக் கேட்பது? இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் கவுண்டரில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "அண்ணே, உன் நாக்கு எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"யாரு சொன்னா உனக்கு?" என்றான் நடேசன். அவள் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல்.

"யாரும் சொல்லல. எனக்கும் இருக்கு. செவப்பா, திட்டுத்திட்டா. இடம் மாறுது. இப்பதான் டாக்டர்கிட்ட காட்டினேன்."

"இடம் மாறுது" என்று அவன் திரும்பச் சொன்னான். பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசினான். "எனக்கு இருபத்தேழு வயசுல வந்துச்சு. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி. ஏதோ கெட்ட வியாதின்னு நெனச்சேன். நான் எந்தத் தப்புக்கும் போனவன் இல்ல புனிதா. ஆனா டாக்டர்கிட்ட போனா அப்படித்தான கேப்பாங்க. யார்கிட்டயும் சொல்லல. அவகிட்ட கூட. முப்பத்திரண்டு வருஷம். எங்க போனாலும் காரம் வாயில வைக்க முடியாது. பெரிய இவன், எதையும் தொட மாட்டான்னு பேரு. அம்மா காரியத்தன்னிக்கு உன் ரசம்... வாசனை அப்படியே அம்மா வச்சது மாதிரி இருந்துச்சு. எரிஞ்சுது. உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பேருந்து வந்து நின்று, ஆள் ஏறவில்லை என்று கிளம்பிப் போனது. தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல், அவசரப்படாமல் சொன்னாள். இது கேன்சர் இல்லை. ஆகவும் ஆகாது. ஒட்டாது. ஒட்டாதது தப்புத்தண்டாவால் வராது என்று இவளாகவே சேர்த்துக்கொண்டாள். சில குடும்பத்தில் இருக்கும். எரியும்போது ஒதுக்கவேண்டும், எரியாதபோது சாப்பிடலாம். ஒரே இடத்தில் ஆறாத புண் வந்தால் மட்டும் உடனே பார்க்கவேண்டும்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான்.

சொன்னாள்.

"ஒட்டாதா?"

"ஒட்டாது."

"புள்ளைங்கள நான் முத்தம் குடுத்து வளக்கல புனிதா. பயந்துகிட்டு." வெயில் அவள் கால் விரல் வரை வந்துவிட்டிருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீ டாக்டர் இல்ல, எனக்குத் தெரியும். நாளைக்கே இங்க ஒரு டாக்டர்கிட்ட போறேன். ஆனா உனக்கு இருக்கற அதே மாதிரிதானான்னு... நான் ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்காத."

"கேளுண்ணே."

"உன்கிட்ட காட்டட்டுமா?"

வீடியோ காலில் முதலில் மேல்கூரை தெரிந்தது, பிறகு ஒரு காது, பிறகு கலங்கிய ஒரு கண். எதை அழுத்துவது என்று தெரியாமல் அவன் திணறுவது திரையில் ஆடியது. அறுபது வயது ஆகப்போகிறது, மீசை முழுக்க வெளுத்திருந்தது, எப்போது வெளுத்தது? அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. நிறுத்தத்தில் வந்து நின்ற ஒரு அம்மாள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

"ஜன்னல் பக்கம் வாண்ணே. இன்னும் கொஞ்சம். ம், அங்கயே நில்லு. இப்ப நீட்டு."